உள்ளே ஒன்று, மேலே ஒன்று!
(கலப்பு அருமண் ஆக்சைடுகள் பற்றி ஒரு மாணவனின் அனுபவப் பாடம்)



அருமண் ஆக்சைடு என்றதும், "இது நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கரண்ட் போனால் பெட்ரோமாக்ஸ் ஏற்றிய காலத்தை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்த விளக்கின் மேண்டிலே ஒரு கலப்பு ஆக்சைடுதான். நூல் வலையை உப்புக் கரைசலில் நனைத்து எரித்தால் நூல் போய்விடும், ஆக்சைடு எலும்புக்கூடு மட்டும் நிற்கும். பழைய மேண்டிலில் அது 99 சதவீதம் தோரியம் ஆக்சைடு, 1 சதவீதம் சீரியம் ஆக்சைடு. தோரியா மட்டும் இருந்தால் வெளிச்சம் மங்கல். அந்த ஒரு சதவீத சீரியாதான் ஊரையே வெளிச்சமாக்கியது!

இதற்கான மூலப்பொருள் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். அப்போது திருவிதாங்கூரில் இருந்த அந்த ஊர், 1956 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. சீரியம், லாந்தனம், நியோடிமியம், தோரியம் எல்லாம் மோனசைட்டில் கலந்தே கிடைக்கின்றன. 1803-ல் கண்டறியப்பட்ட சீரியாவுக்குள்ளேயே லாந்தனம் ஒளிந்திருந்தது. 1839-ல்தான் மொசாண்டர் அதைப் பிரித்தார். லாந்தனம் என்ற பெயருக்கே கிரேக்க மொழியில் 'மறைந்திருப்பது' என்று பொருள்.

இறுதியாண்டு புராஜக்டுக்கு நானும் என் நண்பனும் எடுத்தது சீரியா–லாந்தனா கலவை. அணுக் கணக்கில் சீரியம் 80, லாந்தனம் 20. பத்து கிராமுக்கு 8.09 கிராம் சீரியம் ஆக்சைடு, 1.91 கிராம் லாந்தனம் ஆக்சைடு. கல்வத்தில் நன்றாக அரைத்து, 1300 டிகிரி செல்சியஸில் சுட்டோம்.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். பொரிகடலையையும் சர்க்கரையையும் கலந்தால் இரண்டும் தனித்தனியே தெரியும். சர்க்கரையைத் தண்ணீரில் போட்டால் கரைந்து ஒன்றாகிவிடும். சூளைக்குள் நடப்பது இரண்டாவது வகை. இதைத் திடக் கரைசல் என்கிறோம். சீரியாவுக்கு ஃபுளூரைட் படிக அமைப்பு. ஒவ்வொரு சீரியம் அயனியைச் சுற்றியும் எட்டு ஆக்சிஜன். அதில் சில சீரியம் இடங்களில் லாந்தனம் போய் உட்காருகிறது. சீரியத்துக்கு நான்கு மின்சுமை, லாந்தனத்துக்கு மூன்றுதான். கணக்கு நேராக வேண்டுமே! இரண்டு லாந்தனத்துக்கு ஓர் ஆக்சிஜன் இடம் காலியாகிறது. எங்கள் கலவையில் இருபது ஆக்சிஜன் இடங்களில் ஒன்று காலி. அந்தக் காலி இடங்கள் வழியாகத்தான் சூட்டில் ஆக்சிஜன் நகர்கிறது.

லாந்தனம் அயனி பெரியது. ஆகவே படிகம் சற்று விரிகிறது. எக்ஸ்-கதிர்ப் படத்தில் கோடுகள் குறைந்த கோணத்துக்கு நகர்கின்றன. எங்கள் படத்தில் லாந்தனாவின் தனிக் கோடுகள் மறைந்து, ஃபுளூரைட் கோடுகள் மட்டும் நகர்ந்து நின்றன. ஒரே குதூகலம்!

அப்போதுதான் சார் ரேக்கைப் பார்த்தார்.

"தம்பி, லாந்தனா பாட்டில் மூடி எங்கப்பா?"

"இங்கதான் சார் இருந்துச்சு... பத்து நாளா தேடறோம்."

"பத்து நாளா தொறந்தா கெடக்கு? அப்ப நீங்க எடை போட்டது ஆக்சைடுதானா?"

எங்களுக்கு வாய் அடைத்துவிட்டது. லாந்தனம் ஆக்சைடு காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சிக்கொள்ளும். முழுவதும் ஹைட்ராக்சைடு ஆனால் 100 கிராம் சுமார் 116.6 கிராம் ஆகிவிடும். பாட்டிலில் மிச்சமிருந்த பொடியில் 1 கிராம் எடுத்து 1000 டிகிரியில் சுட்டு, டெசிக்கேட்டரில் ஆறவைத்து நிறுத்தோம். 0.87 கிராம்தான்! அப்படியானால் எங்கள் கலவையில் லாந்தனம் 20 இல்லை, சுமார் 17.9.

ரிப்போர்ட் டைப் அடித்தாகிவிட்டது. "யாருக்குடா தெரியப்போவுது?" என்றான் நண்பன். எனக்கும் அந்த ஆசை வராமல் இல்லை. ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் சாரிடம் போய், "திரும்பச் செய்றோம் சார்" என்றோம். "செய்ங்கப்பா, பழசையும் ரிப்போர்ட்ல எழுதுங்க" என்றார். இந்த முறை லாந்தனாவை முதலில் சுட்டு, ஆறியதும் உடனே எடை போட்டோம்.

சரி, எடை சரியாக இருந்தால் போதுமா? அடுத்த பாடம் அதுதான். பால் காய்ச்சி ஆறவைத்தால் மேலே ஆடை படிகிறது அல்லவா? பாத்திரத்தில் ஒரே பால்தான், ஆனால் ஆடை வேறு. சூளையிலும் பெரிய லாந்தனம் அயனிகள் உள்ளே நெருக்கமாக இருப்பதைவிட மேற்பரப்புக்கு வரவே விரும்புகின்றன. ஆகவே மேலடுக்கில் லாந்தனத்தின் பங்கு கூடிவிடும். எக்ஸ்-கதிர்ப் படம் துகளின் உட்புறத்தையும் சேர்த்துச் சராசரியாகக் காட்டும், மேல்தோலைத் தனியே காட்டாது. அதற்கு எக்ஸ்-கதிர் ஒளி எலக்ட்ரான் நிறமாலை வேண்டும். அது மேலுள்ள சில நானோமீட்டரை மட்டும் பார்க்கும். இரண்டும் வெவ்வேறு எண் சொன்னால் கருவி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

மேல்தோல் ஏன் முக்கியம்? வாகனப் புகை வினையூக்கியைத் தொடுவது மேலேதானே! சீரியா ஆக்சிஜனைக் கொடுத்தும் வாங்கியும் புகையைச் சுத்தப்படுத்த உதவுகிறது. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானபோது, ஈயமில்லாப் பெட்ரோலும் கூடவே வந்தது. காரணம், ஈயம் மேற்பரப்பில் படிந்தால் உள்ளே எவ்வளவு நல்ல சரக்கு இருந்தும் பயனில்லை.

நண்பர்களே! லேபிளை நம்பி எடை போடாதீர்கள். பாட்டிலை மூடுங்கள். உள்ளே என்ன, மேலே என்ன என்று இரண்டையும் கேளுங்கள். தப்பு நடந்தால் மறைக்காமல் எழுதுங்கள். வைவாவில் எங்களை அதிக நேரம் கேட்டது அந்த 0.87 கிராமைப் பற்றித்தான். தலைநிமிர்ந்து பதில் சொன்னோம்!