கருவைக் காக்கும் மஞ்சட்பிண்டம்

வில்லியனூர், பாகூர் முதலிய புதுவைக் கொம்யூன்களில் நெற்பயிரிடுவோர் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. முளைத்த நெல் முதற்சில நாட்கள் தன் வித்திலுள்ள சேமிப்பையே உண்டு வளரும். வேரூன்றிய பின்னரே மண்ணைச் சார்ந்து வாழும். தாய் வயிற்றில் வளரும் கருவுக்கும் இத்தகைய இரு காலங்கள் உள. அவற்றுள் முதற்காலத்தில் கருவைக் காப்பது யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சூலகத்தினின்று சினைமுட்டை வெளிப்பட்டபின், அது தங்கியிருந்த கூடு மஞ்சள் நிறமுடைய சிறு பிண்டமாக மாறுகின்றது. இது சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் பொருள் கருப்பையின் உட்புறத்தைக் கரு தங்குதற்கு ஏற்றதாக்குகின்றது. கருப்பைத் தசை சுருங்காவண்ணம் அடக்கியும் வைக்கின்றது. கரு உண்டாகாவிடின் இப்பிண்டம் ஏறக்குறைய 14 நாட்களில் வாடிப்போம், மாதவிடாய் நிகழும். கரு ஊன்றினாலோ, அக்கருவே வேறொரு சுரப்பை விடுத்துப் பிண்டத்தை வாடாது நிறுத்துகின்றது. சிறுநீரைச் சோதித்துக் கர்ப்பத்தை அறிவது இச்சுரப்பைக் கொண்டேயாம். கடைசி மாதவிடாய் தொடங்கிய நாள்முதல் எண்ணி ஏழு முதல் ஒன்பது வாரங்களுக்குள் நஞ்சுக்கொடி இக்காவலை ஏற்றுக்கொள்ளுகின்றது.

1903ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியர் பிராங்கெல் என்பார், சினைமுயல்களின் மஞ்சட்பிண்டங்களை அழித்தால் கரு நிலையாதென்று காட்டினார். 1929இல் அமெரிக்க அறிஞர் கார்னரும் ஆலனும் அப்பிண்டத்தினின்று காக்கும் சாற்றைப் பிரித்தெடுத்தனர். 1934இல் அது தூய படிகமாகக் கிடைத்தது.

ஆயின், இதனை மருந்தாகக் கொடுத்தால் எல்லாக் கருச்சிதைவும் நீங்குமோ? நீங்காது. 2019இல் வெளியான பிரிட்டிஷ் ஆராய்ச்சியொன்றில், தொடக்கத்தில் உதிரம் கண்ட 4153 கர்ப்பிணிகள் பங்குகொண்டனர். மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 75 பேரும், போலி மருந்து பெற்றோரில் 72 பேரும் உயிருள்ள மகவை ஈன்றனர். இச்சிறு வேறுபாட்டை மருந்தின் பயனென்று துணிதற்கில்லை. முன்னரே மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை கருவிழந்தோரிடத்து மட்டும் அவ்வெண்கள் 72, 57 என விலகி நின்றன.

தொடக்கத்திற் சிதையும் கருக்களுள் ஏறக்குறையப் பாதி குரோமோசோம் குறையால் அழிவன. அவற்றை எம்மருந்தும் நிறுத்தாது. ஆதலின் கருவிழந்தாளை ‘ராசியில்லாதவள்’ எனத் தூற்றுதல் அறியாமை மட்டுமன்று, கொடுமையுமாம். உதிரமோ வலியோ கண்டால் கடையில் மாத்திரை வாங்கி உண்ணாது, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கேனும், எல்லைப்பிள்ளைச்சாவடியிலுள்ள அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனைக்கேனும் உடனே செல்லல் வேண்டும். விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவர்கள் இவ்வுண்மையைத் தத்தம் இல்லத்தார்க்கு எடுத்துரைப்பாராக.