இடித்தவர் மீதுள்ள கடன்

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்து கொண்டிருந்தார்கள். பள்ளிவாசலுக்கு வெளியே பின்னோக்கி வந்த ஒரு கார், நின்றிருந்த மற்றொரு காரின் பம்பரில் மோதியது. பம்பர் பிளந்து ஒரு பக்கம் தொங்கிற்று. இடித்தவர் இறங்கிப் பார்த்தார், சுற்றுமுற்றும் நோக்கினார், ஏறிப் போய்விட்டார். சிறுவர்கள் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. வண்டி எண்ணை எவரும் குறிக்கவில்லை. இடிபட்ட வண்டியின் டிரைவர், "ஹஜ்ரத், முதலாளி என் சம்பளத்தில் பிடித்துக் கொள்வாரே!" என்று நம்மிடம் கலங்கி நின்றார்.

போனவர் முதல் ஸஃப்பில் தொழுதவராகவும் இருக்கலாம். ஆனால் ஓர் ஏழையின் ஹக்கு அவர் கழுத்தில் ஏறிவிட்டது. தவ்பா செய்தால் மட்டும் அது இறங்காது. உரியவரிடம் சேர்க்க வேண்டும், அல்லது அவர் மனமுவந்து மன்னிக்க வேண்டும்.

"வேண்டுமென்றா இடித்தேன்? தெரியாமல் பட்டுவிட்டது" என்று சிலர் கூறுவர். தெரியாமல் நேர்ந்ததற்குப் பாவம் இல்லாமல் போகலாம். நஷ்ட ஈடு இல்லாமல் போகாது. நேரடியாகச் சேதம் விளைவித்தவர் வேண்டுமென்று செய்யாவிட்டாலும் பொறுப்பாளியே என்பது ஃபிக்ஹின் விதி. உதுமானிய ஆட்சியில் தொகுக்கப்பட்ட 'மஜல்லா' சட்ட நூலின் 92-ஆவது விதியும் இதுவே. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில், ஒரு மனைவியார் அனுப்பிய உணவுத் தட்டு மற்றொரு மனைவியாரால் உடைபட்டது. நபியவர்கள் துண்டுகளைத் தம் கையாலேயே சேர்த்தெடுத்தார்கள். பணியாளைக் காத்திருக்கச் செய்து, உடைந்ததற்குப் பதில் நல்ல தட்டைக் கொடுத்தனுப்பினார்கள். குடும்பத்திற்குள்ளேயே ஒரு தட்டுக்கு இவ்வளவு கவனம் என்றால், அன்னியரின் வண்டிக்கு எவ்வளவு வேண்டும்!

"இன்ஷூரன்ஸ் பார்த்துக் கொள்ளும், நாம் ஏன் கொடுக்க வேண்டும்?" என்பது அடுத்த சாக்கு. கணக்கைப் பாருங்கள். புதிய பம்பர் ரூ. 8,000, பெயிண்ட் வேலை ரூ. 4,000, கூலி ரூ. 1,000, ஆக ரூ. 13,000 என்று வைத்துக் கொள்வோம். வழக்கமான பாலிஸியில் பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் 50 சதவிகிதம், ரூ. 4,000 போயிற்று. பெயிண்ட் பில்லில் கால் பங்கைப் பொருட்செலவாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், ரூ. 500 போயிற்று. சிறிய காருக்குக் கட்டாயப் பிடித்தம் ரூ. 1,000. கையில் கிடைப்பது ரூ. 7,500.

இத்துடன் முடியவில்லை. கிளெய்ம் வாங்காதவருக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி 20 சதவிகிதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். ஒருமுறை வாங்கினால் அது பறிபோகும். சொந்தச் சேதப் பகுதிக்கு ரூ. 10,000 பிரீமியமும் 50 சதவிகிதத் தள்ளுபடியும் உள்ளவர், அடுத்த ஆண்டு ரூ. 5,000 கூடுதலாகக் கட்டுவார்; அதற்கடுத்த ஆண்டு 20 சதவிகிதமே கிடைப்பதால் மேலும் ரூ. 3,000. வாங்கியது ரூ. 7,500, இழந்தது ரூ. 8,000! ஆகவே இடிபட்டவரின் பாலிஸியைக் காட்டி இடித்தவர் தப்பித்துக் கொள்வது, அவருடைய பணத்திலேயே அவருக்கு ஈடு செய்வதாகும்.

இன்ஷூரன்ஸைப் பற்றிய மஸ்அலாவையும் சுருக்கமாகக் கூறுவோம். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிக இன்ஷூரன்ஸ் கூடாது, பரஸ்பர உதவி முறை கூடும் என்று தீர்மானித்தது. நம் நாட்டிலோ 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு, பிறருக்கு நேரும் பாதிப்புக்கான பாலிஸியைக் கட்டாயமாக்கியுள்ளது. சட்டத்தின் நிர்ப்பந்தத்தால் எடுப்பவர் மீது குற்றமில்லை. சொந்தச் சேதத்துக்காக விரும்பி எடுப்பதும், கட்டிய தொகைக்கு மேல் பெறுவதும் கருத்து வேறுபாடுள்ளவை. உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டறியுங்கள்.

ஆனால் பொய்க் கணக்கு ஹராம் என்பதில் கருத்து வேறுபாடே கிடையாது. "பழைய கீறலையும் இதோடு சேர்த்துவிடலாம் பாய், யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று ஒர்க்‌ஷாப்பில் ஆசை காட்டுவார்கள். ஓட்டியவர் ஒருவராக இருக்க வேறொருவர் பெயரை எழுதுவதும், கம்பெனியை மாற்றும்போது முன்பு கிளெய்ம் வாங்கியதை மறைத்துத் தள்ளுபடி பெறுவதும் இதே வகைதான். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்ற வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கம்பெனி பெரியது என்பதால் ஏமாற்று சிறியதாகி விடாது.

இடிபட்டவரும் வரம்பு பேண வேண்டும். பம்பரைச் சீர்செய்யும் தொகையைக் கேட்கலாம். பழைய நெளிசலுக்கும் சேர்த்துக் கேட்கலாகாது. ஒரே சேதத்துக்கு இடித்தவரிடமும் கம்பெனியிடமும் இருமுறை வாங்கலாகாது. இடித்தவர் வசதியற்றவரானால் தவணை கொடுப்பதும் மன்னிப்பதும் மிகச் சிறந்தவை.

எனவே, உங்கள் வண்டி பிறர் வண்டியில் பட்டால் நில்லுங்கள். சொந்தக்காரரைத் தேடுங்கள். காணாவிட்டால் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிக் கண்ணாடியில் செருகிவிட்டுச் செல்லுங்கள். அன்று அந்த ஒரு துண்டுச் சீட்டு இருந்திருந்தால், ஒரு டிரைவரின் வீட்டில் அந்த மாத அரிசி குறைந்திராது.

பிறர் ஹக்கு நம் கழுத்தில் இல்லாத நிலையில் தன்னைச் சந்திக்கும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.