கேட்க இயலாதவருக்காகக் கேட்போம்

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பது நம் முன்னோர் வாக்கு. தேவையை எடுத்துச் சொல்பவருக்கே அது கிடைக்கும் என்பது இதன் பொருள். அப்படியானால், எடுத்துச் சொல்ல இயலாதவரின் நிலை என்ன? இக்கேள்வியை நம் ஊராட்சி மன்றத்தின் வரவு செலவுத் திட்டத்தோடு இணைத்துச் சிந்திப்போம்.

ஜொகூர் பாருவில் உள்ள ஒரு குடியிருப்புப் பகுதியை மனத்தில் எண்ணிப் பாருங்கள். பொழுது விடியும் முன்பே பலர் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் வீடு திரும்ப இரவாகிவிடும். அதுவரை வீட்டில் இருப்பவர் யார்? நடக்கச் சிரமப்படும் பாட்டி, பள்ளி முடிந்து வரும் பேரப்பிள்ளை, சில வீடுகளில் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளை. பகல் நேரத்தில் இவர்கள் கூடியிருக்க ஓர் இடமும் கவனித்துக்கொள்ள ஓர் ஆளும் தேவை. இதற்கு ஊராட்சி மன்றத்திடம் நிதி கேட்கலாமா?

ஜொகூரில் வீட்டு உரிமையாளர்கள் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்டு இறுதிக்குள்ளும், மதிப்பீட்டு வரி செலுத்துகின்றனர். இவ்வரி தெருவிளக்கு, உள்சாலை, வடிகால், பூங்கா ஆகியவற்றுக்கே உரியது என்று பலர் கருதுகின்றனர். சமூகநலம் சமூகநல இலாகாவின் பொறுப்பு என்றும் கூறுவர். இதில் உண்மை உண்டு. நம் கூட்டரசு அரசியலமைப்பில் சமூகநலம் கூட்டரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்ளும் பொறுப்பாக உள்ளது. ஆயினும், 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம், பொதுமக்களின் பாதுகாப்பு, சுகாதாரம், வசதி ஆகியவற்றுக்குத் தேவையான பணிகளைச் செய்ய மன்றங்களுக்கு அதிகாரம் அளிக்கிறது. எனவே, கோரிக்கை வைப்பதற்குக் கதவு அடைக்கப்படவில்லை.

ஆனால், அக்கதவை எப்படித் தட்டுவது? நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. ஆகவே, வாக்குச்சீட்டின் மூலம் நம் விருப்பத்தை மன்றத்திடம் தெரிவிக்க இயலாது. குடியிருப்பாளர் சங்கம், ருக்குன் தெத்தாங்கா, பகுதிக்குப் பொறுப்பான மன்ற உறுப்பினர் ஆகிய வழிகளில்தான் நம் குரல் சென்று சேர வேண்டும். அதற்குக் காலமும் முக்கியம். அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் நடப்பு ஆண்டு முடிவதற்குள் நிறைவேற்றப்பட வேண்டும். டிசம்பரில் மனுக் கொடுத்தால், பந்தி முடிந்தபின் இலை போட்ட கதையாகிவிடும்.

கோரிக்கை தெளிவாகவும் இருத்தல் வேண்டும். "எங்கள் முதியோருக்கு உதவுங்கள்" என்று எழுதினால் அது வேண்டுகோள் மட்டுமே. எத்தனை முதியவர்கள் பகலில் தனியாக இருக்கின்றனர், எந்தப் பொது மண்டபம் காலை வேளைகளில் பூட்டிக் கிடக்கிறது, மாதம் எவ்வளவு செலவாகும், அதில் குடியிருப்பாளர்களின் பங்கு என்ன, பொறுப்பேற்று நடத்துபவர் யார் என்றெல்லாம் எழுதினால் அது திட்டமாகும். திட்டத்தை மறுப்பவர் அதற்குக் காரணம் கூற வேண்டியிருக்கும்.

மறுப்பு குடியிருப்புக்குள்ளிருந்தே எழவும் கூடும். "முதலில் வடிகாலைச் சீர்செய்யுங்கள்" என்று சிலர் வாதிடுவர். 2006ஆம் ஆண்டு இறுதியிலும் 2007ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் கோத்தா திங்கி, சிகாமட் முதலிய இடங்களைச் சூழ்ந்த வெள்ளத்தை நினைவில் வைத்திருப்போர் இவ்வாறு கூறுவதில் தவறில்லை. நிதியோ ஓர் அளவுக்கு உட்பட்டது. இரண்டும் நியாயமான தேவைகளாக இருக்கும்போது எதை முதலில் தேர்ந்தெடுப்பது?

இதற்குப் பிரேசில் நாட்டின் போர்த்தோ அலெக்ரே நகரம் 1989இல் ஒரு வழி காட்டியது. நகர நிதியின் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்பதை மக்களே கூடிப் பேசி முடிவு செய்தனர். நம் நாட்டில், பினாங்கு மாநிலத்தின் இரு ஊராட்சி மன்றங்களும் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகமும் 2012இல் இத்தகைய முயற்சியைத் தொடங்கின. ஆண், பெண், முதியோர், இளையோர் என ஒவ்வொரு தரப்பினரின் தேவையையும் கேட்டறிவது அதன் நோக்கம். ஒரே கூட்டத்தில் எல்லாரையும் அமர்த்தினால், உரக்கப் பேசுபவரின் தேவையே ஊரின் தேவையாகிவிடும் அல்லவா?

தமிழர் வரலாற்றிலும் ஊராட்சிக்குச் சான்று உண்டு. சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முற்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றுக்குக் குடவோலை முறையில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்ததைக் கூறுகின்றன. எனினும், சொந்த நிலமும் வீடும் உடையவரே அன்று உறுப்பினராக முடிந்தது. இன்று அத்தகைய எல்லை நமக்கு வேண்டியதில்லை. வாடகை வீட்டில் வசிப்பவரும் நம் அண்டை வீட்டாரே.

மாணவர்களே, உங்கள் பகுதியில் பகல் முழுவதும் தனியாக இருப்பவர் எத்தனை பேர்? அந்த எண்ணிக்கையை அறிவதற்கு வாக்குரிமை வயதை எட்ட வேண்டியதில்லை. நீங்கள் எண்ணி எழுதித் தரும் ஒரு பட்டியல், சங்கத்தின் மனுவில் முதல் பக்கமாக அமையலாம். அழத் தெரியாத பிள்ளைக்கும் பசி உண்டு. அதைச் சொல்ல யாரேனும் ஒருவர் முன்வர வேண்டும்.