கிறிஸ்துமஸ் மரம்: எதில் முதல் போடுவது?

டிசம்பர் பிறந்ததும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி கடைகளில் கிறிஸ்துமஸ் மரம் கேட்பார்கள். வணிகப் பெருமக்களாகிய நாம் எதைக் கொள்முதல் செய்வது?

நம் பக்கத்தில் சவுக்குக் கிளையை நட்டு அலங்கரிப்பது பழைய வழக்கம். அடக்கவிலை குறைவு; ஆனால் வெட்டிய கிளை சில நாளில் காயும். 25-ஆம் தேதிக்குப் பின் மீந்தது விறகுதான். முன்பணம் பெற்ற அளவுக்கே எடுப்போம்.

நர்சரியில் கிடைக்கும் அரகேரியா தொட்டிச்செடி, வெளிச்சமும் தண்ணீரும் கிடைத்தால் அடுத்த ஆண்டும் விலைபோகும்.

பிளாஸ்டிக் மரம் வாடாது. மீந்தால் பெட்டியில் கட்டி வைக்கலாம். ஆனால் முதல் முடங்கும். 100-க்கு மாதம் 2 ரூபாய் வட்டியென்றால், 1,000 ரூபாய்ச் சரக்குக்கு ஆண்டில் 240 ரூபாய் போய்விடும். வாடாத சரக்கையும் அளவோடு வாங்குவதே நமக்கு லாபம்.