ஆறுமணிக்குருவி கூவும் நேரம்

பறவை பார்க்கத் தனியே போகவேண்டும், ஆள் கூடினால் எல்லாம் பறந்துவிடும் என்பார்கள். வினாயகபுரத்திலிருந்து தெற்கே கோமாரி, பொத்துவில், பாணமை தாண்டி உகந்தை, குமண வரை கிடக்கும் காட்டுக்கு இது பொருந்தாது என்பேன். பறவையைக் கலைப்பது ஓயாத அசைவுதான். ஆள்தொகைக்கு இரண்டாம் இடம். ஆறு பேர் மர நிழலில் கால் மணி நேரம் ஆடாமல் நின்றால், ஒருவர் உலாவித் திரிந்து காண்பதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகில் பச்சை, சிறகில் நீலத் திட்டு, வாலடியில் சிவப்பு, கண்ணை ஊடறுத்தோடும் கறுப்புப் பட்டை. இத்தனை நிறம் இருந்தும் சருகுக்குள் நின்றால் கண்ணில் படாது. ஒரு சருகைப் புரட்டும், இரண்டு தத்துத் தத்தும், குட்டை வாலை மெல்ல ஆட்டும், அவ்வளவுதான். விடியலிலும் மைம்மலிலும் எழும் அந்தச் சீழ்க்கைதான் அதைக் காட்டிக்கொடுக்கும். ஒரு காது திசையைத் தவறவிடலாம். பத்தடி இடைவிட்டு நிற்கும் மூன்று பேர் பேசாமல் கை நீட்டினால், மூன்று கோடும் சேருகிற பற்றையில் தொலைநோக்கியை வையுங்கள்.

போனில் அதன் குரலைப் போட்டால் உடனே வந்துவிடுமே என்று கேட்பார்கள். வரலாம். ஆனால் பங்குனியில் அது இமயமலை அடிவாரம் வரையுள்ள காடுகளுக்குத் திரும்பப் பறக்க உடம்பைத் தேற்றும் பறவை. இரை பொறுக்கும் நேரத்தை நம் ஆசைக்காக வீணாக்கக்கூடாது. குமண வில்லில், அதாவது அங்குள்ள சதுப்புக் குளத்தில், கூடுகள் நிறையும் வைகாசி, ஆனியில் போகலாமே என்பது நியாயமான கேள்வி. 1938 இல் சரணாலயமான குமண அந்தக் கூடுகளுக்குத்தான் பேர்போனது. ஆனாலும் ஊர்ப் பறவையையும் வரத்துப் பறவையையும் ஒரே காலையில் எழுதப் பங்குனியே தோது.

குமணப் பூங்காவுக்குள் குறித்த இடங்களில் மட்டுமே வண்டியை விட்டு இறங்கலாம். மற்ற இடங்களில் எஞ்சினை நிறுத்திவிட்டு இருந்த இடத்திலிருந்தே கேளுங்கள். வெளியேயும் யானைக் காடுதான். ஐவர் பறவையைப் பார்க்கையில் ஒருவர் முதுகுப்புறம் பார்த்து நிற்கவேண்டும். தனியாளால் இது ஆகாது. இன்னொருவர் கையில் குறிப்பேடு இருக்கட்டும், காகத்தையும் விடாமல் எழுதட்டும். போரினால் 1985 முதல் 2003 வரை பூங்கா மூடிக் கிடந்தது. அத்தனை பங்குனிகளிலும் அங்கே நின்று கேட்டு எழுத வழியிருக்கவில்லை. ஆறுமணிக்குருவியின் குரலைக் கடைசியாகக் கேட்ட திகதியை ஆண்டுதோறும் குறித்து வையுங்கள். சித்திரையில் எந்த நாளோடு அது ஓய்கிறது என்பது பல காதுகள் கேட்டு எழுதினால்தான் பிடிபடும்.