பிரசங்கத்துக்கு ஓர் உருவகம் போதும், தம்பி!

வெள்ளிக்கிழமை ராத்திரி ஆயர் போன் பண்ணி, "ஞாயிற்றுக்கிழமை நீங்க பேசிடுங்க" என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமையும் உனக்கு வேலை. உடனே செல்போனில் பிரசங்கக் கதைகளைத் தேடப் போவாய், தெரியும். அதைக் கீழே வை. தம்பியோ தங்கச்சியோ, அக்கா சொல்வதைக் கேட்டுவிட்டு அப்புறம் தயார் பண்ணு.

1. உருவகத்தை வெளியே தேடாதே. அந்த வாரத்து வேத பாடத்தை நிதானமாக வாசி. மேய்ப்பன், உப்பு, விளக்கு, வலை, முத்து என்று பெரும்பாலும் உள்ளேயே ஒன்று இருக்கும். நிருபங்களில்கூட சரீரம், ஓட்டப்பந்தயம், கட்டடம் என்றுதான் பவுல் பேசுகிறார். உனக்கு நேரமும் மிச்சம், வசனத்தை விட்டு விலகவும் மாட்டாய்.

2. கிடைத்ததும், அந்தத் தொழில் தெரிந்தவருக்கு ஒரு போன் போடு. யோவான் 15 என்றால் கம்பம் பக்கம் திராட்சை போட்டிருக்கும் யாரையாவது கேள். கவாத்து பண்ணாமல் விட்டால் கொடி மண்டுமே தவிர குலை சரியாகப் பிடிக்காது என்று ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடுவார். கத்தரியை எடுப்பது கோபத்தில் அல்ல, காய்ப்புக்காகத்தான் என்பது அப்போது உனக்கே உறைக்கும். நீ கேட்டறிந்து பேசுகிறாயா, கற்பனையில் பேசுகிறாயா என்பதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் விவசாயி கண்டுபிடித்துவிடுவார்.

3. எடுத்தது ஒன்றானால் முடிப்பதும் அதிலேயே. கப்பலில் ஆரம்பித்து, விதைக்குத் தாவி, போர்க்களத்தில் முடித்தால் யாருக்கும் எதுவும் நினைவில் நிற்காது. எடுத்ததையும் பிய்த்துப் பிய்த்து அர்த்தம் சொல்லாதே. நல்ல சமாரியன் உவமையில் சத்திரம் என்றால் சபை, சத்திரக்காரர் என்றால் பவுல் என்று அகுஸ்தீன் விளக்கம் சொன்னார். கால்வின் அந்த வழியை ஏற்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மன் அறிஞர் அடோல்ஃப் யூலிஷர், உவமைக்கு மையக் கருத்து ஒன்றுதான் என்று அடித்துச் சொன்னார். அது எல்லா இடத்துக்கும் பொருந்தாதுதான். விதைக்கிறவன் உவமைக்கு இயேசுவே பகுதி பகுதியாக விளக்கம் தருகிறாரே! ஆனால் இருபது நிமிஷம் பேசப் போகிற உனக்கு யூலிஷர் சொன்னதே பாதுகாப்பு.

4. பழைய நாணயத்தைக் கூலிக் கணக்கில் சொல்லு. இதை யாரும் செய்வதே இல்லை, எனக்கு அதுதான் வருத்தம். மத்தேயு 18-இல் ஒருவன் ராஜாவுக்குப் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. அவனுக்கு உடன் வேலைக்காரன் தர வேண்டியது நூறு வெள்ளிப்பணம். இப்படியே வாசித்துவிட்டுப் போனால் யாருக்கு என்ன புரியும்? ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஆக, ராஜா தள்ளிவிட்டது 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் 2 லட்சம் வருஷம் ஆகும். இவனால் விட முடியாதது நூறு நாள் கூலி. அதுவும் சின்னத் தொகை இல்லை. நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களுக்கு அதன் கனம் நன்றாகத் தெரியும். அடுத்தவர் நமக்குச் செய்த தப்பு நிஜமாகவே பெரியது என்று ஒத்துக்கொண்டுதான் அந்த உவமை மன்னிக்கச் சொல்கிறது. இந்த ஒரு கணக்கிலேயே பாதிப் பிரசங்கம் முடிந்துவிடும்.

5. கதை முதலில், விளக்கம் பிறகு. 2 சாமுவேல் 12-ஐப் பார். நாத்தான் சொன்ன கதை நாலே வசனம். ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிக்கொண்டான், அவ்வளவுதான். தாவீது கொதித்துப்போய்த் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அந்த ஆள் யார் என்று நாத்தான் உடைக்கிறார். நீயோ கதைக்கு முன்னாலேயே "இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது" என்று ஆரம்பித்துவிடுகிறாய். எதற்கு இந்த அவசரம்?

6. ஒரே படத்துக்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். யூதா கோத்திரத்துச் சிங்கம் கிறிஸ்து. 1 பேதுரு 5-இல் கெர்ச்சிக்கிற சிங்கம் பிசாசு. புளித்த மாவும் அப்படித்தான். எந்த அதிகாரம் என்று பார்த்துவிட்டுப் பேசு.

7. பார்வர்டில் வந்த கதையைப் பீடத்தில் ஏற்றாதே.
• கழுகு நாற்பது வயதில் அலகை உடைத்து, நகத்தைப் பிடுங்கி, திரும்ப இளமையாகிறதாம். அலகும் நகமும் போன கழுகு பட்டினியில் செத்துப்போகும். சங்கீதம் 103-க்கு இறகு உதிர்ந்து புதிதாக முளைப்பதே போதும்.
• எருசலேமில் 'ஊசியின் கண்' என்று ஒரு குட்டி வாசல் இருந்ததாம். இயேசுவின் காலத்தில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரமே இல்லை. மனுஷனால் முடியவே முடியாது என்பதுதான் அங்கே பேச்சு. அதை நீ சுலபமாக்கிக் கொடுக்காதே.

8. திரித்துவத்துக்குத் தண்ணீர், பனிக்கட்டி, நீராவி வேண்டவே வேண்டாம். ஒருவரே மூன்று வேஷம் போடுகிறார் என்று ஆகிவிடும். 3-ஆம் நூற்றாண்டிலேயே சபை தள்ளிவிட்ட சபேல்லியுவின் போதனை அது.

9. உன் உருவகம் யார்மேல் விழுகிறது என்று சனிக்கிழமை ராத்திரியே யோசி. கனி கொடுக்காத அத்திமரத்தைப் பேசும்போது வாயில் 'மலடு' என்ற சொல் வரக் கூடாது. பிள்ளைக்காக வருஷக்கணக்கில் ஜெபிக்கிறவள் எதிரேயே உட்கார்ந்திருப்பாள். "பாவம் ஒரு குஷ்டம்" என்பதையும் விடு. அது மருந்தால் குணமாகும் நோய். வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் பால் பிராண்ட் அந்த நோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். அவர்கள் பெயரை நாம் வசவாக்கலாமா?

சின்னப் பிள்ளைகளுக்குப் பேசுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கறுப்புத் தாள் பாவம், சிவப்பு இரத்தம், வெள்ளை சுத்தம் என்று 1866-இல் லண்டனில் ஸ்பர்ஜன் காட்டிய முறையை இன்றும் விடுமுறை வேதாகமப் பள்ளியில் அப்படியே காட்டுகிறோம். நம் பிள்ளைகள் கறுப்பு. அந்தத் தாளைப் பார்த்ததும் தன் கையைப் பார்த்துக்கொள்கிற குழந்தைக்கு என்ன சொல்வாய்? விளக்கை அணைத்து இருட்டைக் காட்டு, பிறகு ஏற்று. இந்த வருஷத்துக்கு அட்டை வெட்டி வைத்துவிட்டாய் என்றால், கறுப்பை மட்டும் எடுத்துவிடு.