கைக்கடிகாரத்தின் துடிப்பை கம்ப்யூட்டரில் பார்க்கலாம்

நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், மாதக் கணக்கை எக்ஸெல்லில் போட்டு வைக்கிறோம். கையில் கட்டியிருக்கும் சாவி வாட்ச் ஒழுங்காக ஓடுகிறதா என்பதையும் இதே கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்க்கலாம் என்பது எனக்கு 2019ல்தான் தெரிய வந்தது. அதுவும் அப்பாவின் வாட்ச்சைக் கிட்டத்தட்ட இழக்கப் பார்த்த பிறகு.

அது ஒரு எச்.எம்.டி. ஜனதா. 1979ல் வேலைக்குச் சேர்ந்தபோது அப்பா வாங்கியது. காலை ஆகாசவாணிச் செய்தி தொடங்கும்போது நேரம் பார்த்து, சாவி கொடுத்துவிட்டுத்தான் காபி டம்ளரைக் கையில் எடுப்பார். ஓய்வு பெற்ற பின் அதை என்னிடம் கொடுத்தார். நானும் தினமும் கட்டிக் கொண்டு, இரவில் கழற்றி கம்ப்யூட்டர் மேஜை மேல் வைப்பேன். ஒரு மாதம் கழித்து வாட்ச் நாளுக்கு ஏழு நிமிடம் வேகமாக ஓடத் தொடங்கியது.

ஊரில் ஒரு கடையில் கொடுத்தேன். 600 ரூபாய் வாங்கிக் கொண்டு ஆயில் சர்வீஸ் செய்து தந்தார்கள். இரண்டு நாள் சரியாக இருந்தது போல் தெரிந்தது. பிறகு பழைய கதைதான். இன்னொரு கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் பின்மூடியைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஹேர்ஸ்பிரிங் போயிடுச்சு சார். மெஷினையே மாத்திடலாம், 800 ரூபா ஆகும். பழைய மெஷினை வச்சு என்ன பண்ணப் போறீங்க, இங்கேயே போட்டுட்டுப் போங்க" என்றார். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று தோன்றியதால் வாங்கிக் கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் வந்து மேஜை மேல் வழக்கமான இடத்தில் வைக்கும்போதுதான் கவனித்தேன். வழக்கமான இடம் என்பது ஸ்பீக்கரின் சப்வூபர் பெட்டி.

காந்தம் என்ன செய்கிறது?

ஜனதா போன்ற சாவி வாட்ச்சில் பேலன்ஸ் வீல் என்ற சிறு சக்கரம் இப்படியும் அப்படியுமாக ஆடுகிறது. அதை ஆட்டி இழுத்துக் கொள்வது தலைமுடி போன்ற மெல்லிய சுருள், அதுதான் ஹேர்ஸ்பிரிங். ஸ்பீக்கருக்குள் இருப்பது வலுவான காந்தம். அதன் அருகில் பல இரவுகள் இருந்தால் சுருள் காந்தமேறி, அதன் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்ளும். ஒட்டிய சுருள் நீளம் குறைந்த சுருள் போல நடந்து கொள்ளும். நீளம் குறைந்தால் ஆட்டம் வேகமாகும். ஒரு வாட்ச் திடீரென்று நாளுக்குப் பல நிமிடங்கள் வேகமாக ஓடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காந்தத்தைத்தான். ஸ்பீக்கர் மட்டுமல்ல, லேப்டாப் மூடியிலும், டேப்ளட் கவரிலும், மொபைல் பவுச்சின் கிளிப்பிலும் காந்தம் உண்டு.

இதைச் சோதிப்பது எளிது. பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் முள் வைத்த சிறிய திசைகாட்டி ஒன்றை மேஜையில் வையுங்கள். ஓடிக் கொண்டிருக்கும் வாட்ச்சை மெதுவாக அதன் அருகே கொண்டு செல்லுங்கள். முள் நடுங்கினால் வாட்ச்சில் காந்தம் ஏறியிருக்கிறது என்று பொருள். என் திசைகாட்டி முள் வாட்ச்சின் துடிப்புக்கு ஏற்பவே துடித்தது.

காந்தம் நீக்கும் கருவி இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. உள்ளே ஒரு காயில், மேலே ஒரு பட்டன், அவ்வளவுதான். பழைய சிஆர்டி மானிட்டரில் டீகாஸ் என்று ஒரு மெனு இருந்ததே, நினைவிருக்கிறதா? அழுத்தினால் "டங்" என்ற ஒலியுடன் திரை ஒரு குலுங்கு குலுங்கும். அதே தத்துவம்தான் இது. வாட்ச்சைக் கருவியின் மேல் வைத்துப் பட்டனை அழுத்துங்கள். அழுத்தியபடியே வாட்ச்சை மெதுவாக ஒரு கை நீளத்திற்கு விலக்குங்கள். அதன் பிறகுதான் பட்டனை விட வேண்டும். அருகில் இருக்கும்போதே விட்டுவிட்டால் மறுபடியும் காந்தம் ஏறிவிடும். மூன்று முறை செய்தேன். திசைகாட்டி முள் அசையவில்லை. மறுநாள் காலை பார்த்தால் 25 செகண்ட் மட்டுமே வேகம். 800 ரூபாயை விடுங்கள். நாற்பது ஆண்டு ஓடிய அப்பாவின் மெஷின் அந்தக் கடையிலேயே தங்கியிருக்கும்.

மைக்கில் கேட்கும் துடிப்பு

25 செகண்ட் என்று சொன்னேன். அதைத் துல்லியமாக எப்படி அறிவது? ஒரு நாள் முழுக்கக் காத்திருக்கத் தேவையில்லை. ஜனதாவின் மெஷின் மணிக்கு 18,000 முறை, அதாவது செகண்டிற்கு 5 முறை துடிக்கிறது. இரண்டு துடிப்புகளுக்கு இடையே சரியாக 0.2 செகண்ட் இருக்க வேண்டும். மைக் வழியாக அந்த ஒலியை வாங்கி, இடைவெளியை அளந்து, நாளுக்கு எத்தனை செகண்ட் கூடும் குறையும் என்று சொல்லும் புரோகிராம்கள் இருக்கின்றன. நான் பயன்படுத்துவது டிஜி டைமர் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் புரோகிராம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்குகிறது.

லேப்டாப்பில் உள்ள மைக் இதற்குச் சரி வராது. பேச்சைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல் என்று அது வடிகட்டிவிடும். நமக்கு வேண்டியதோ அந்த இரைச்சல்தான். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் எனச் சென்று மைக்ரோபோனைத் தேர்ந்தெடுத்து, ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்பதில் ஆஃப் கொடுத்துவிடுங்கள். பழைய ஹெட்செட் மைக் இருந்தால் அதன் தலை மேல் வாட்ச்சைப் படுக்க வைத்து, இரண்டையும் ஒரு துண்டால் மூடி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டால் போதும். இன்னும் நன்றாக வேண்டும் என்றால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பியசோ தட்டு ஒன்றை வாங்கி, அறுந்து போன இயர்போனின் வயரில் சால்டர் செய்து, மைக் சாக்கெட்டில் செருகலாம். காற்றில் வரும் சத்தத்தை அது கண்டு கொள்ளாது. தன்னைத் தொட்டுக் கொண்டிருக்கும் வாட்ச்சின் அதிர்வை மட்டும் வாங்கும். என்னிடம் இருப்பது அப்படிச் செய்ததுதான்.

புரோகிராமைத் திறந்து அரை நிமிடம் காத்திருந்தால் மூன்று எண்கள் கிடைக்கும். முதலாவது ரேட். ப்ளஸ் என்றால் வேகம், மைனஸ் என்றால் தாமதம். இரண்டாவது ஆம்ப்ளிட்யூட், பேலன்ஸ் வீல் எத்தனை டிகிரி ஆடுகிறது என்பது. முழுச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்க்கும்படி வைத்தால் 270 டிகிரிக்குப் பக்கத்தில் இருப்பது ஆரோக்கியம். 200க்குக் கீழே போனால் உள்ளே ஆயில் காய்ந்துவிட்டது, சர்வீஸ் செய்யும் நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக் கொள்ளலாம். மூன்றாவது பீட் எரர். டிக் ஒரு மாதிரியும் டாக் இன்னொரு மாதிரியும் நொண்டுகிறதா என்பதை மில்லி செகண்டில் காட்டும். இந்த மூன்றில் என் பார்வை முதலில் போவது ஆம்ப்ளிட்யூட்டுக்குத்தான். ரேட்டை லீவரைத் தள்ளிச் சரிக்கட்டிவிடலாம். ஆம்ப்ளிட்யூட்டை அப்படி ஏமாற்ற முடியாது. இதற்காக லிப்ட் ஆங்கிள் என்ற ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டியிருக்கும். தெரியாவிட்டால் 52 என்றே விட்டுவிடுங்கள். அது தவறாக இருந்தாலும் ரேட் மாறாது.

ஒரு எச்சரிக்கை. உங்கள் சவுண்ட் கார்டுக்குள் இருக்கும் கடிகாரமும் கொஞ்சம் முன்பின் ஓடும். பத்து லட்சத்தில் 50 பங்கு தவறு என்றால் நாளுக்கு 4.3 செகண்ட் தவறாகக் காட்டும். டிஜி டைமரில் காலிப்ரேட் என்ற வசதி உண்டு. நல்ல குவார்ட்ஸ் வாட்ச் ஒன்றை மைக் மேல் வைத்தால் அதைக் கொண்டு தன்னைத் திருத்திக் கொள்ளும்.

குவார்ட்ஸை ஏன் நம்புகிறோம்? அதற்குள் இருக்கும் படிகம் செகண்டிற்கு 32,768 முறை அதிர்கிறது. இது 2ஐப் பதினைந்து முறை பெருக்கினால் வரும் எண். பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக 1 வரும். செகண்ட் முள் ஒரு தட்டுத் தட்டும். உங்கள் மதர்போர்டில் கம்ப்யூட்டரை அணைத்த பின்னும் நேரத்தைக் காத்து வைக்கிறதே ஒரு கடிகாரம், அதன் அடிப்படையும் இதே 32,768தான்.

மைக் சோதனையோடு எக்ஸெல்லில் ஒரு பதிவும் வைத்துக் கொள்ளுங்கள். முதல் காலத்தில் தேதியும் நேரமும். இரண்டாவதில் வாட்ச் எத்தனை செகண்ட் வேகம் என்பது. இரண்டாவது காலத்தின் வித்தியாசத்தை முதல் காலத்தின் வித்தியாசத்தால் வகுத்தால் நாளுக்கு எத்தனை செகண்ட் என்று நேரடியாகவே வரும். எக்ஸெல் நேரத்தை நாள் கணக்கில்தான் வைத்திருக்கிறது. மைக் காட்டுவது மேஜையில் படுத்திருக்கும் வாட்ச்சின் கதை. கையில் கட்டிய பின் நடப்பது இந்தப் பதிவில்தான் தெரியும்.

வாங்கும்போது

அந்த ஒரு வாட்ச் என்னை இழுத்துக் கொண்டு போய், இன்று என்னிடம் பதினொன்று இருக்கின்றன. ஒன்று கூட 5,000 ரூபாயைத் தாண்டவில்லை. பழைய எச்.எம்.டி. வாங்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டோடு 1961ல் பெங்களூரில் தொடங்கியது இந்தத் தொழிற்சாலை. 1984ல் டாடாவும் நம் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்ச்சுகளைக் கொண்டு வந்த பின் சாவி வாட்ச் மெல்ல ஒதுங்கியது. எச்.எம்.டி. வாட்ச்சஸ் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அந்தச் செய்திகளை ஒட்டிப் பழைய வாட்ச்சுகளுக்குக் கிராக்கி வந்தது. கிராக்கி வந்ததும் போலிகளும் வந்தன.

மெஷின் பெரும்பாலும் உண்மையானதுதான். டயலில்தான் ஏமாற்று வேலை. பழைய டயலைச் சுரண்டிவிட்டு ஆரஞ்சு, பச்சை, கிளிப்பச்சை என்று பெயின்ட் அடித்து, மேலே புதிதாக எழுத்து அச்சடித்து விற்கிறார்கள். விற்பவரின் படத்தைப் பதிந்து கொண்டு, பெயின்ட் புரோகிராமில் திறந்து 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தின் ஓரம் பிசிறடித்திருக்கிறதா? நிமிடக் கோடுகள் 12 மணிக்கு நேராக நிற்கின்றனவா? நாற்பது வயது வாட்ச்சின் டயல் மட்டும் நேற்றுச் செய்தது போல் மின்னுகிறதா? பின்மூடி திறந்த படம் அனுப்பச் சொல்லுங்கள். மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். நான் முதலில் வாங்கிய நீல டயல் பைலட் 900 ரூபாய். அந்த நீலத்தில் விரல் பட்டால் கையோடு வந்தது.

பழையது வேண்டாம் என்பவர்களுக்குக் கேசியோ எப்91டபிள்யூ இருக்கிறது. 1989ல் வந்தது, இன்றும் விற்கிறது. ஒரு பேட்டரி ஏழு ஆண்டு வரும். மாதத்திற்கு 30 செகண்டிற்கு மேல் தவறாது. நேரம் தெரிவதுதான் நோக்கம் என்றால் என் பதினொன்றில் எதுவும் இதை மிஞ்சாது. ஆனால் மைக்கில் வைத்தால் ஒன்றும் கேட்காது.

திறக்கும் முன்

குவார்ட்ஸ் வாட்ச்சுக்கு பேட்டரி மாற்றுவதை யாரும் கற்றுக் கொள்ளலாம். எஸ்ஆர் என்று தொடங்கும் சில்வர் ஆக்சைடு பேட்டரியே போடுங்கள். அதே அளவில் எல்ஆர் என்று மலிவாகக் கிடைப்பது அல்கலைன். கசிந்து உள்ளே உள்ளதை அரித்துவிடும். பேட்டரியை உலோக இடுக்கியால் பிடிக்காதீர்கள்; இரு முனையும் சேர்ந்து ஷார்ட் ஆகும்.

சாவி வாட்ச்சைப் பொறுத்தவரை, பின்மூடியைத் திறந்து ப்ளஸ் மைனஸ் லீவரை ஒரு மயிரிழை தள்ளுவது வரை வீட்டில் செய்யலாம். பல்குச்சியின் முனையால் தள்ளுங்கள், ஸ்க்ரூ டிரைவரால் வேண்டாம். பக்கத்தில்தான் ஹேர்ஸ்பிரிங் இருக்கிறது; கை வழுக்கினால் கதை முடிந்தது. முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்யக் கற்க வேண்டும் என்றால் ஓடாத வாட்ச் ஒன்றை 100, 200 ரூபாய்க்கு வாங்கி அதில் பழகுங்கள். சாவியின் விசையை முழுதும் இறக்கிவிட்டே கை வைக்க வேண்டும். இடது பக்கம் திருகினால் இறுகும் ஸ்க்ரூவும் உள்ளே இருக்கலாம். வராவிட்டால் பலம் காட்டாமல் மறுபக்கம் திருகிப் பாருங்கள். தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு விட்டால் போதும் என்பார்கள். அந்த ஒரு சொட்டு பரவி ஹேர்ஸ்பிரிங்கில் ஏறினால் வளையங்கள் ஒட்டி, காந்தம் ஏறியது போலவே ஓடும். நான் இரண்டு மெஷின்களைப் பாழாக்கிய பிறகுதான் மூன்றாவது ஓடியது.

அப்பாவின் ஜனதாவை மட்டும் நான் பிரிக்கவில்லை. அதைச் சர்வீஸ் செய்ய எனக்கு ஒரு பெரியவர் கிடைத்தார். கொடுப்பதற்கு முன் மெஷினைப் பல கோணத்தில் படம் எடுத்து, மைக் எண்களையும் குறித்துக் கொண்டேன். திரும்ப வந்தபோது அதே மெஷின், அதே கீறல். ஆம்ப்ளிட்யூட் 210லிருந்து 265க்கு ஏறியிருந்தது. ரேட் ப்ளஸ் 8. அந்தப் படங்களும் எண்களும் அப்பா பெயரில் ஒரு போல்டரில் இருக்கின்றன. சப்வூபர் இப்போது மேஜைக்குக் கீழே தரையில் இருக்கிறது.